யானையின் உள்ளங்காலில் ஒரு செவி

இத்தனை டன் எடையுள்ள யானை பக்கத்தில் வந்து நின்றாலும் ஏன் காலடிச் சத்தமே கேட்பதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் சுருக்கமானதுதான். வெளியே பார்க்கத் தட்டைப் பாதமாகத் தெரிந்தாலும், எலும்புக்கூட்டைப் பார்த்தால் யானை விரல்நுனிகளில் நிற்பது புரியும், குதிகால் உயர்ந்த செருப்பு போட்டவரைப் போல. குதிகாலுக்கு அடியில் உள்ள இடத்தைக் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை நிரப்புகிறது. காலை ஊன்றும்போது அது விரிந்து எடையைப் பரப்பிவிடுகிறது, சத்தமும் அமுங்கிவிடுகிறது. தூக்கும்போது பாதம் சுருங்குவதால் சேற்றிலிருந்தும் கால் சுலபமாக வெளியே வரும்.

அந்த மெத்தையைத் தாங்க உள்ளே ஒரு போலி விரலும் உண்டு. 1706-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே இறந்த யானையை அறுத்துப் பார்த்த மருத்துவர் பேட்ரிக் பிளேர், அதை ஆறாவது விரல் என்றே நினைத்தார். அது உண்மையான விரல் அல்ல, எடை தாங்க உருவான தனி எலும்பு என்று ஆராய்ச்சியாளர் ஜான் ஹட்சின்சனின் குழு 2011-இல்தான் தெளிவாகக் காட்டியது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதே பாதம் கேட்கவும் செய்கிறது.

யானையின் உறுமலில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி. ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ். அது காற்றில் போவதோடு, தரையின் மேற்பரப்பிலும் அதிர்வாகப் பரவுகிறது. 1990-களில் நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் ஆராய்ச்சியாளர் கெய்ட்லின் ஓ'கானல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். யானைகள் திடீரென்று அசையாமல் நின்று, முன்னங்கால்களில் பாரத்தைப் போட்டுச் சாய்கின்றன; சிலசமயம் ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொள்கின்றன. அவர் அதற்கு முன் ஹவாயில் தத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர். செடித்தண்டின் அதிர்வு வழியே பேசிக்கொள்ளும் அந்தப் பூச்சிகளும் கேட்கும்போது இப்படித்தான் உறைந்து நிற்கும்! பூச்சி ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதிர்வு மூளைக்குப் போக இரண்டு வழிகள். பாதத்தோலில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் பாசினியன் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி போகும். இன்னொன்று எலும்பு வழி: விரல், கால், தோள் என ஏறி நடுக்காதை அடைவது. யானையின் நடுக்காதில் உள்ள சுத்தி எலும்பு மிகப் பெரியது, தாழ்ந்த அதிர்வுகளுக்குத் தோதானது. முன்னங்காலில் சாய்ந்து நிற்பதும் இந்த எலும்பு வழிக்கு உதவும்.

அப்புறம் ஓ'கானல் குழு செய்த சோதனை. சிங்கத்தைக் கண்டு எட்டோஷா யானைகள் எழுப்பிய எச்சரிக்கைக் குரலைப் பதிவுசெய்து, காற்றில் கேட்காதபடி தரைக்குள் மட்டும் அதிர்வாக அனுப்பினார்கள். நீர்நிலையில் நின்ற கூட்டம் நெருக்கமாக ஒன்றுசேர்ந்தது, சீக்கிரமே கிளம்பியும் போனது. கென்யாவில் பதிவான எச்சரிக்கையை அனுப்பியபோது அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. அதாவது, பழகிய குரலா என்பதும் பாதத்துக்குத் தெரிகிறது.

இதை வைத்து, யானைக்குப் பேரழிவு முன்கூட்டியே தெரியும் என்று கதை கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். 2004 சுனாமியின்போது இலங்கையின் யாலா பூங்காவில் கழுத்துப்பட்டை மூலம் கண்காணிக்கப்பட்ட யானைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவை முன்கூட்டியே தப்பி ஓடியதற்கான தடயம் எதுவும் அதில் இல்லை.