இரைச்சலை நிறுத்த எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

ஒரே எலக்ட்ரிக் கிட்டாரை இரண்டு, மூன்று ஆம்ப்களில் (ஒலிபெருக்கிகளில்) ஒரே நேரத்தில் ஓட்டிப் பதிவு செய்வது இப்போது சின்ன ஸ்டுடியோக்களிலும் சகஜம். ஒன்றில் பளிச்சென்ற கிளீன் டோன், இன்னொன்றில் கரகரப்பான டிஸ்டார்ஷன். மிக்ஸிங்கில் வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ளலாம். ஆனால் இரண்டாவது ஆம்பைச் செருகியதுமே 'ஊம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். உடனே யாராவது, "எர்த்தைக் கழட்டிடுங்க, போயிடும்" என்பார். போயும் விடும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவே மாட்டேன் என்கிறது.

இரண்டு ஆம்ப்களின் சேஸியும் (உலோகச் சட்டமும்) பிளக்கின் எர்த் பின் வழியாக ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. கிட்டார் கேபிளின் ஷீல்டு, அதாவது உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, அவற்றை இன்னொரு முறை சேர்க்கிறது. ஆக, ஒரு வளையம். கிரவுண்ட் லூப் என்பது இதைத்தான். அதில் ஓடும் துளி மின்னோட்டத்தை ஆம்ப் பெருக்கிக் காட்டுகிறது. வளையத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவது ஆடியோ பக்கத்தில், மெயின்ஸ் (சுவர் மின்சாரம்) பக்கத்தில் அல்ல.

எர்த் பின்னை உடைத்துவிட்டால் அந்த ஆம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே எர்த், மற்ற ஆம்ப் வரை போகும் மெல்லிய ஷீல்டுதான். உள்ளே மின்சாரம் வரும் லைவ் ஒயர் கழன்று சேஸியில் பட்டது என்று வையுங்கள். அந்த நேரம் மற்ற ஆம்பின் கேபிள் உருவப்பட்டிருந்தால், 230 வோல்ட் நேராகக் கிட்டார் கம்பிக்கு வரும். கை கம்பியில், உதடு எர்த் ஆன மைக்கில். அவ்வளவுதான். ஸ்டோன் த குரோஸ் ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ மேடையிலும், யார்ட்பேர்ட்ஸ் ராக் குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டிலும் இறந்தது எர்த் சரியில்லாத கருவிகளால்தான்.

அமெரிக்க 120 வோல்ட் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் மலிவான ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பலவற்றில் எர்த் தொடர்வதே இல்லை. பிளக்கில் மூன்று பின் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சுவர் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஆம்பின் சேஸி வரை மல்டிமீட்டரால் சோதியுங்கள்.

சரி, இரைச்சலுக்கு என்ன வழி? முதலில் எல்லா ஆம்ப்களையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுங்கள். பாதி இரைச்சல் அதிலேயே அடங்குவதுண்டு. அப்புறம், கிட்டார் சிக்னலைப் பல ஆம்ப்களுக்குப் பிரித்தனுப்பும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டர் பெட்டி. ஓர் அவுட்புட் நேரடியாகப் போகட்டும், கிட்டாருக்கு எர்த் அதன் வழி கிடைக்கும். மற்றவை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, ஷீல்டு தொடர்பு அறுந்து போகட்டும். மெயின்ஸ் எர்த் எல்லா ஆம்பிலும் அப்படியே இருக்கும். காசை மிச்சம் பிடிக்க, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டால் லூப் அப்படியே இருக்கும். இரண்டு ஆம்பின் சுமையும் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மேல் விழுந்து ஒலியின் கூர்மையும் மழுங்கும்.

அடுத்து ஃபேஸ், அதாவது இரண்டு ஒலி அலையும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டு ஆம்பும் பிரமாதம், சேர்த்தால் சொத்தை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சில ஆம்ப்கள் சிக்னலைத் தலைகீழாக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் வைத்து, ஒரு சேனலின் சிக்னலைத் திருப்பிப்போடும் போலாரிட்டி பொத்தானை அழுத்திப் பாருங்கள். அடித்தொனி எதில் தடிக்கிறதோ அதுவே சரி. மைக் தூரமும் முக்கியம். ஒரு மைக் மற்றதைவிட 34 சென்டிமீட்டர் பின்தள்ளி இருந்தால் ஒலி 1 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். 500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் இரைகிறதா? கிட்டாரிஸ்ட்டை நாற்காலியோடு மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். அவர் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் அது லூப் இல்லை. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்தை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். இரைச்சல் குறைவான திசை பார்த்து அவரை உட்கார வையுங்கள், ஆம்பைத் தள்ளி வையுங்கள்.