சில நொடிகள் மட்டும் வாழும் பதிவு

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வலைப்பூவில் எழுதுவதற்கென்று கணினியில் ஒரு மென்பொருளை நிறுவினேன். வலைப்பூவின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கேட்டது. கொடுத்தேன். அப்புறம், 'உங்கள் வலைப்பூவில் ஒரு தற்காலிகப் பதிவைப் போட்டுவிட்டு உடனே அழித்துவிடட்டுமா?' என்று கேட்கிறது. என் வலைப்பூவில் அது எதற்குப் பதிவு போட வேண்டும்? பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?"

பயம் நியாயமானது. முன்பின் தெரியாத ஒரு நிரல் நம் பெயரில் எதையோ வெளியிடப் போகிறேன் என்றால் யாருக்கும் கை தயங்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் உத்தி, நான் அறிந்த மென்பொருள் உத்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே சுருக்கமாக 'ஆம்' என்று அழுத்துங்கள் என்று சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில், இப்படி ஒரு மென்பொருள் எதற்கு? உலாவியில் தெரியும் பெட்டியிலேயே எழுதலாமே? எழுதலாம். நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன். ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை வெளியிடப் பொத்தானை அழுத்தினால், நுழைவு காலாவதியாகிவிட்டது, மறுபடியும் உள்ளே வாருங்கள் என்றது தளம். உள்ளே போய்ப் பார்த்தால் பெட்டி காலி. அந்தக் கட்டுரையை நான் திரும்ப எழுதவே இல்லை. அதற்குப் பிறகுதான் மேசைக்கணினி மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். எழுதுவது நம் வட்டில் சேமிக்கப்படுகிறது, இணையம் இல்லாதபோதும் எழுதலாம், முடிந்ததும் ஒரே சொடுக்கில் அனுப்பலாம். மேக் கணினியில் மார்ஸ்எடிட், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெள்ளோட்டம் விட்ட லைவ் ரைட்டர் எல்லாம் இந்த வகை. லைவ் ரைட்டரின் நிரல் 2015 டிசம்பரில் ஓப்பன் லைவ் ரைட்டர் என்ற பெயரில் திறந்த மூலமாக வெளிவந்தது. வாசகி சொல்லும் தற்காலிகப் பதிவு அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

சரி, கணினியில் எழுதியது வலைப்பூவுக்கு எப்படிப் போகிறது? இதை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஒரு கணினியிடம் இன்னொரு கணினி 'இந்த வேலையைச் செய்' என்று எழுத்தில் கேட்பதற்கு 1998-இல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற ஒழுங்குமுறை வந்தது. அதன் மேல் 2002-இல் டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளர் மெட்டாவெப்லாக் என்ற கட்டளைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் புதிய பதிவு போடும் கட்டளைக்கு ஐந்தே ஐந்து தகவல்கள் போதும்: எந்த வலைப்பூ, பயனர் பெயர், கடவுச்சொல், பதிவு, உடனே வெளியிடுவதா வரைவாக வைப்பதா. வலைப்பூ இருக்கும் கணினியான வழங்கி அதை வாங்கிக்கொண்டு, புதிய பதிவின் அடையாள எண்ணைப் பதிலாக அனுப்பும். அந்த எண் கையில் இருந்தால் பிறகு திருத்தலாம், அழிக்கலாம். கடவுச்சொல் ஒவ்வொரு தடவையும் கூடவே போகிறது என்பதைக் கவனியுங்கள். வலைப்பூ முகவரி பாதுகாப்பான இணைப்பில் இல்லையென்றால் வழியில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். படங்களைப் பொறுத்தவரை, மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்புவார்கள். அதனால் படம் வழியில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் போகும்.

தமிழில் எழுதுபவர்களுக்காக இன்னும் ஒன்று. எழுத்துகளை எண்களாக மாற்றி அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகப் பயணம் செய்கிறது. தமிழ் எழுத்துகள் எல்லாம் 224-இல்தான் தொடங்கும். இரண்டாவது பைட் 174 அல்லது 175. மறுமுனையில் இருக்கும் நிரல் இதைப் பழைய ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்துக்கொண்டால், தலையில் கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்தும் அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் எழுத்து போட்ட வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வரும். சிதைந்த தமிழ்ப் பக்கங்கள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி சிதைந்திருக்கின்றன என்று எப்போதாவது யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

வலைப்பூவுக்கு அனுப்பக்கூடிய கட்டளைகளைப் பாருங்கள். பதிவைப் போடு, திருத்து, அழி, படத்தை வாங்கிக்கொள், பகுப்புகளைச் சொல். எல்லாம் இருக்கின்றன. ஆனால் 'உன் பக்கம் பார்க்க எப்படி இருக்கும்?' என்று கேட்க ஒரு கட்டளையும் இல்லை. எழுதுபவருக்கோ அதுதான் முக்கியம். இந்தப் படம் பத்தியின் ஓரத்தில் ஒட்டி நிற்குமா, இந்த நீளமான வரி எங்கே மடியும், துணைத்தலைப்பு என்ன நிறத்தில் வரும் என்று எழுதும்போதே தெரிய வேண்டும்.

வழங்கியிடம் கேட்டாலும் அதற்குப் பதில் தெரியாது. பக்கத்தின் தோற்றம் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் வார்ப்புரு ஒன்று, அதன் மேல் நிறமும் எழுத்துருவும் சொல்லும் நடைத்தாள்கள் பல, கூடுதல் வசதிக்காக நீங்கள் எப்போதோ சேர்த்து மறந்துபோன செருகுநிரல்கள் சில. இவை எல்லாம் கலந்து கடைசியில் வாசகரின் உலாவிக்குள்தான் தோற்றம் உருவாகிறது. வார்ப்புருக்களோ ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே படித்து வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

ஆகவே லைவ் ரைட்டரை எழுதியவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். செய்து பார்த்தார்கள். வலைப்பூ என்பது ஒரு மூடிய பெட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒரு பக்கம் பதிவைப் போட முடியும், மறுபக்கம் வருவதைப் பார்க்க முடியும். அது போதும்!

1877-ஆம் ஆண்டு அக்டோபரில் நிலவியலாளர் அடோல்ஃப் க்னோப் இதே யோசனையை ஓர் ஆற்றில் செய்து பார்த்தார். ஜெர்மனியில் டான்யூப் ஆறு இமெண்டிங்கன் அருகே ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கி மறைகிறது. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற இடத்தில் ஒரு பெரிய ஊற்று பொங்குகிறது. இரண்டும் ஒரே தண்ணீரா? தோண்டிப் பார்க்க வழியில்லை. க்னோப் 10 கிலோ ஃப்ளோரசீன் சாயத்தையும், 20 டன் உப்பையும், கூடவே ஷேல் எண்ணெயையும் ஆற்றில் கலந்துவிட்டார். 60 மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது, தண்ணீர் உப்புக் கரித்தது. டான்யூபின் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தடியில் திசை மாறி ரைன் ஆற்றுக்குப் போகிறது என்பது அன்று உறுதியானது.

தற்காலிகப் பதிவு அந்தச் சாயம்தான். மென்பொருள் ஒரு விசித்திரமான தலைப்பையும் ஒரு விசித்திரமான உடல்பகுதியையும் எழுதி உங்கள் வலைப்பூவில் வெளியிடுகிறது. இரண்டிலும் எண்களும் ரோமன் எழுத்துகளும் கலந்து 32 இலக்கங்கள் கொண்ட ஒரு நீண்ட அடையாளக் கோவை இருக்கும். உடனே, வாசகர் யாரோ வருவதுபோல், அதுவே உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து முழுவதையும் இறக்கிக்கொள்கிறது. பிறகு அந்தப் பக்கத்துக்குள் தன் சாயத்தைத் தேடுகிறது.

அந்தக் கோவை ஏன் அவ்வளவு நீளம்? 'சோதனை' என்று தலைப்பு வைத்தால், நீங்களே முன்பு 'சோதனை' என்று ஒரு பதிவு எழுதியிருக்கக்கூடும். அதைத் தன்னுடையது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இந்த வகைக் கோவைகளைத் தற்போக்கில் உருவாக்கினால் 5-க்குப் பின்னால் 36 சுழியங்கள் போட்ட அளவுக்குச் சாத்தியங்கள் உண்டு. உலகில் எந்த மனிதரும் அதைத் தற்செயலாகத் தட்டச்சு செய்யப் போவதில்லை. ஆகவே பக்கத்தில் அது தென்பட்டால், அதை அங்கே வைத்தது தான்தான் என்று மென்பொருள் சந்தேகமின்றிச் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராசிக்கல் மோதிரம் போட்ட மாதத்தில் வேலை கிடைத்தது என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. ஒன்று மட்டும் கேட்பேன்: அந்த மாதம் வேறு என்னென்ன மாறின? பத்து விண்ணப்பங்கள் போட்டிருப்பார், ஒரு நண்பர் பரிந்துரைத்திருப்பார், நேர்காணலுக்கு நன்றாகப் படித்திருப்பார். இவற்றில் எது ஊற்றில் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் சாயம் மோதிரத்தில் இல்லை. சாயம் இல்லாத தண்ணீரைப் பார்த்து இது அந்த ஆற்றுத் தண்ணீர்தான் என்று சொல்வது நம்பிக்கை. அதைச் சோதித்தறிந்த முடிவாக ஏற்க முடியாது. பள்ளிகளில் சூத்திரங்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இந்த ஒரு வேறுபாட்டைப் புரியவைக்கக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சாயம் கிடைத்த பிறகு நடப்பது இன்னும் சுவையானது. இணையப் பக்கம் என்பது உள்ளபடி ஒரு மரம். பக்கம் என்ற அடிமரத்திலிருந்து தலைப்பகுதி, நடுப்பகுதி, ஓரப்பட்டை என்று கிளைகள், அவற்றிலிருந்து பதிவுகள், பதிவுக்குள் பத்திகள். உடல்பகுதிக் குறி ஏதோ ஓர் இலையில் ஒட்டியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், பதிவின் எழுத்து முழுவதையும் தாங்கும் கிளை எது என்று தெரிந்துவிடும். தலைப்பு அவ்வளவு எளிதாக அகப்படாது. முகப்பில் பதிவின் மேலே ஒருமுறை வரும், ஓரத்தில் 'அண்மைய பதிவுகள்' பட்டியலில் இன்னொரு முறை வரும். எது நிஜத் தலைப்பு? உடல்பகுதிக்கு மேலே, அதோடு சேர்ந்து நிற்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரப்பட்டையில் இருப்பது உடலிலிருந்து வேறு கிளையில் தொங்குகிறது. மரத்தில் இரண்டு இலைகளுக்கும் பொதுவான கிளை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்தால் உறவு புரிந்துவிடும்.

இரண்டு இடங்களும் தெரிந்ததும், பதிவை அழிக்கும் கட்டளை போகிறது. சாயம் கழுவப்பட்டுவிட்டது. ஆனால் இறக்கி வைத்த பக்கமும், அதன் நடைத்தாள்களும், பின்னணிப் படங்களும் உங்கள் வட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் குறிகள் இருந்த இரண்டு இடங்களையும் காலி செய்து, அங்கே மட்டும் தட்டச்சு செய்யலாம் என்று திறந்துவிடுகிறது மென்பொருள். நீங்கள் எழுதும் சாளரம் உண்மையில் உள்ளே பொதிந்த ஓர் உலாவி. அதாவது, உங்கள் வலைப்பூவின் ஒரு நகலுக்குள் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். எழுத்துரு, நிறம், பத்தி இடைவெளி எல்லாம் தானாகவே சரியாக வருகின்றன, ஏனென்றால் எதையும் மென்பொருள் ஊகிக்கவில்லை. இணையத்தைத் துண்டித்த பிறகும் அப்படியே வரும். முதன்முறை இதைப் பார்த்தபோது, எழுத வந்ததை மறந்து அரை மணி நேரம் வெறுமனே வரிகளை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை தோற்பதும் உண்டு. தோற்கும் விதங்களிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். முகப்பில் பதிவின் சுருக்கம் மட்டும் காட்டும் வார்ப்புரு என்றால், உடல்பகுதியின் நிஜமான நடை அங்கே தெரியாது. பக்கங்களைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துப் பரிமாறும் வழங்கி என்றால், புதிய பதிவு போட்ட பிறகும் பழைய பக்கத்தையே நீட்டும். மென்பொருள் சாயத்தைத் தேடித் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடும். அழிக்கும் கட்டளைக்கு முன் இணைப்பு அறுந்தால் அந்த விசித்திரப் பதிவு அங்கேயே தங்கிவிடும். அது முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டதுதான். லைவ் ரைட்டர் எழுதும் தற்காலிகப் பதிவுக்குள்ளேயே, இது அழிக்கப்படாமல் போன தற்காலிகப் பதிவு, தயவுசெய்து கையால் அழித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கும். தன் தோல்வியை முன்கூட்டியே நினைத்து, அந்நேரம் பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்த அந்த நிரலாளர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொன்று எனக்கே நடந்தது. என் வலைப்பூவில் புதிய பதிவு வந்தவுடன் சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் போகும்படி வைத்திருந்தேன். தற்காலிகப் பதிவு வாழ்ந்தது சில நொடிகள்தான். மின்னஞ்சலுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினேழு பேர் நலம் விசாரித்து எழுதினார்கள்.

ஆகவே வாசகிக்கு: 'ஆம்' என்று சொல்லலாம், ஆனால் மூன்று நிமிடம் செலவழித்துவிட்டுச் சொல்லுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பும் சமூக ஊடகங்களில் தானாகப் பகிர்வதும் இருந்தால் முதலில் நிறுத்துங்கள். தற்காலிக நினைவகச் செருகுநிரல் இருந்தால் அதையும். அப்புறம் அனுமதி கொடுங்கள். முடிந்ததும் வலைப்பூவைத் திறந்து, பதிவு நிஜமாகவே போய்விட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். நிறுத்தியவற்றைத் திரும்ப இயக்குங்கள். வார்ப்புருவை என்றைக்காவது மாற்றினால், மென்பொருளின் கையில் இருக்கும் நகல் பழையதாகிவிடும். அன்றைக்கு இன்னொரு முறை சாயம் கலக்க வேண்டியிருக்கும்.