கயிறா ஊசியா என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து புழல் சிறையில் மகனைப் பார்க்க மனு போட்டுவிட்டு நேராகப் பாரிமுனையில் வழக்கறிஞரான என்னைத் தேடி வரும் தாய்மார்கள், கொலை வழக்கென்றால் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "தூக்கில் போட்டுவிடுவார்களா, சார்?"

கொலைக்கு ஆயுள் தண்டனைதான் பொது விதி. அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரணம் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கை நிறைவேற்ற முடியாது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது 1995இல், சேலம் சிறையில்.

ஆனாலும் கொலை வழக்கை விசாரிக்கும் அமர்வு நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பதை நிறுத்திவிடவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை குறித்து நீதிபதி கேட்பார். பல வழக்குகளில் அன்றைக்கே. கூண்டில் நிற்பவர் "வயதான அம்மா இருக்கிறார், கருணை காட்டுங்கள், ஐயா" என்பார், அத்தோடு முடிந்துவிடும். உயிரா சாவா என்பதை முடிவு செய்ய அந்த ஒரு வரி போதுமா? போதாது என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை, குடும்பச் சூழல் எல்லாம் நீதிபதியின் முன் வரவேண்டும். எனவே விசாரணை நடக்கும்போதே சேகரியுங்கள்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், சிறுவயதில் தலையில் அடிபட்டதற்கான மருத்துவமனைச் சீட்டு, குடிமீட்பு சிகிச்சைக் காகிதம், வேலை கொடுத்தவரின் கடிதம். மழை வெள்ளத்தில் போய்விட்டது என்றால் மருத்துவமனையிலேயே நகல் கேளுங்கள். கொல்லப்பட்டவரின் வீட்டாரும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர்களது கோபத்தில் நியாயமும் உண்டு.

இளம் வழக்கறிஞர்களுக்கோ மரண தண்டனையை எந்த முறையில் நிறைவேற்றுவது என்ற விவாதமே பிடிக்கிறது. தூக்கிலிடும் முறை சட்டப்படி செல்லும் என்று 1983இல் தீனா வழக்கில் தீர்ப்பானது. விஷ ஊசி போன்ற வலி குறைந்த வழி வேண்டுமென்று 2017இல் பொதுநல மனு வந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் நைட்ரஜன் வாயுவால் ஒருவரைக் கொன்றது. அவர் நிமிடக்கணக்கில் உடல் உதறித் துடித்ததாக நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊசி வந்தால் அதைப் போடுவது யார்? மரண தண்டனை நிறைவேற்றத்தில் மருத்துவர் பங்கேற்பது அறமற்றது என்று உலக மருத்துவர் சங்கம் 1981இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. புது முறைகள் பார்ப்பவர்களின் கூச்சத்தைக் குறைக்கின்றன, அவ்வளவே. காத்திருப்பின் வதை எந்த முறையிலும் மாறாது. கருணை மனு மீது முடிவெடுப்பதில் நியாயமற்ற காலதாமதம் இருந்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதனால்தான்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கருணை மனுவுக்குக் கெடு உண்டு. மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாட்களுக்குள் மனு போகவேண்டும். ஆளுநர் நிராகரித்தால், அதிலிருந்து 60 நாட்களுக்குள் குடியரசுத் தலைவருக்கு மனு கொடுக்கவேண்டும். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.