முப்பது வரைக்கும் ஒப்பிக்கிற புள்ளைக்கு நாலுன்னா தெரியுமா?

மூணு வயசுப் புள்ள ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சா வீட்டுல ஒரே பெருமை, உடனே பாட்டிக்கு வீடியோ கால் போட்டு இன்னொரு தடவை சொல்ல வெப்போம், அடுத்த மாசம் நூறுக்கு ஏத்திரலாமான்னு யோசிப்போம். அதே புள்ள முன்னாடி பத்துப் பதினஞ்சு ஸ்பூனைப் பரப்பி வெச்சு "நாலு எடுத்துக் குடு கண்ணு"ன்னு கேளுங்க. நிறைய புள்ளைங்க ஒரு கை அள்ளித் தரும். "எண்ணிப் பாரு, நாலுதானா?"ன்னா ஒவ்வொண்ணா தொட்டு ஏழு வரைக்கும் சரியா எண்ணிட்டு, "ம், நாலு"ங்கும்!

சேட்டை எல்லாம் இல்ல. வரிசையா ஒப்பிக்க ஞாபகசக்தி இருந்தா போதும், பாட்டு மனப்பாடம் பண்ற மாதிரிதான். கடைசியா சொன்ன எண்ணுதான் மொத்தம் எத்தனைங்கிறதுக்குப் பதில், அது புரியறது வேற கதை. அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-கள் தொடக்கத்துல இந்த "எடுத்துக் குடு" சோதனையை வெச்சுத்தான் இதைத் தெளிவா காட்டினாங்க. முதல்ல "ஒண்ணு" மட்டும் புரியும், ரெண்டு கேட்டாலும் அஞ்சு கேட்டாலும் அள்ளித்தான் வரும். சில மாசம் போய் ரெண்டு, இன்னும் சில மாசம் போய் மூணு. மூணு வரைக்கும் பாத்த உடனே தெரிஞ்சிரும், பெரியவங்களுக்கும் அப்படித்தான், அதுக்கு மேல போகப் போக எண்ணித்தான் ஆகணும். அப்புறம் பெரும்பாலும் மூன்றரை, நாலு வயசுவாக்குல சூட்சுமம் பிடிபட்டுரும், அஞ்சைத் தனியா ஆறைத் தனியா கத்துக்கிறதில்ல, எண்ணத் தெரிஞ்ச வரைக்கும் கேட்டதை எண்ணி எடுத்துத் தரும்.

சூட்டிகையான புள்ளைங்ககிட்டதான் இந்த இடைவெளி சுலபமா மறைஞ்சிரும்னு எனக்குத் தோணுது, ஏன்னா ஒப்பிக்கிறதுல அதுங்க நம்மள அசத்திரும், நாமளும் அடுத்ததுக்குத் தாவிடுவோம்.

சரி, வீட்டுல என்ன பண்றது? சிகாகோவுல சூசன் லெவைன்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு 44 குடும்பங்களை, புள்ளைக்கு 14 மாசத்துல இருந்து 30 மாசம் ஆகிற வரைக்கும் விட்டு விட்டு மொத்தம் ஏழரை மணி நேரம் வீடியோ எடுத்துச்சு. அவ்வளவு நேரத்துல ஒரு வீட்டுல எண்ணுங்க வந்தது 4 தடவை, இன்னொரு வீட்டுல 257 தடவை. எண்ணு அதிகமா காதுல விழுந்த புள்ளைங்களுக்கு 46 மாசத்துல "எத்தனை"ங்கிறது நல்லா புரிஞ்சிருந்துச்சு. பேச்சு மட்டுமே காரணம்னு சொல்லிற முடியாது, அப்படிப் பேசுற வீட்டுல வேற பலதும் இருக்கும். ஆனா அடுத்த ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சது, கண்ணு முன்னாடி இருக்கிற பொருளை, அதுவும் நாலுல இருந்து பத்து வரைக்கும் உள்ள கூட்டத்தை எண்ணிக் காட்டுற பேச்சுக்குத்தான் தொடர்பு அதிகம். அதனால தட்டுல இட்லி வெக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு"ன்னு நிறுத்திராதீங்க, "அஞ்சு இட்லி!"ன்னு மொத்தத்தையும் சொல்லுங்க, சூட்சுமமே அந்தக் கடைசி வார்த்தையிலதான்.

நியூயார்க்ல நாலு வயசுப் புள்ளைக்கே டெஸ்ட் வெச்சு கிஃப்டட் கிளாஸ்ல, அதாவது சூட்டிகையான புள்ளைங்களுக்குன்னு இருக்கிற தனி வகுப்புல சேத்துட்டு இருந்தாங்க, 2021-ல அந்த டெஸ்ட்டை விட்டுட்டாங்க. நல்லதுதான், அந்த வயசுல பசி, தூக்கம், புது ஆளைப் பாத்த கூச்சம் எல்லாமே மார்க்குல வந்துரும்.

டெஸ்ட்டுக்கு வொர்க்புக் வாங்குற காசுக்கு ஒரு தாயக்கட்டையோ பகடையோ வாங்கலாம். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல வெளியிட்ட ஆய்வு இது: ஒரே வரிசையில 1-ல இருந்து 10 வரைக்கும் கட்டம் போட்ட விளையாட்டு, ரெண்டு வாரத்துல நாலு தடவை, ஒவ்வொண்ணும் கால் மணி நேரம்தான். வசதி குறைஞ்ச வீட்டு நாலு அஞ்சு வயசுப் புள்ளைங்க எந்த எண்ணு பெருசு, எது எங்க வரும்ங்கிறதுல நல்லாவே முன்னேறினாங்க, ஒன்பது வாரம் கழிச்சும் அது நின்னுச்சு. எண்ணுக்குப் பதிலா கலர் போட்ட அதே விளையாட்டை ஆடுனவங்களுக்கு அந்த முன்னேற்றம் இல்ல.

பரமபதத்துலயும் இதைச் செய்யலாம், ஆனா காய் 23-ல இருந்து நாலு விழுந்தா நம்ம பழக்கத்துல "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு"ன்னு நகத்துவோம் பாருங்க, அப்படி வேணாம், கட்டத்துல இருக்கிறதையே "இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு, இருபத்தி ஆறு, இருபத்தி ஏழு"ன்னு சொல்லி நகத்தச் சொல்லுங்க. ரெண்டு விதத்தையும் ஒப்பிட்டுப் பாத்ததுல இப்படி ஆடுன புள்ளைங்களுக்குத்தான் பலன் கிடைச்சது. நடுவுல பாம்பு கடிச்சா அழுகை வரும், அதுக்கு ஆய்வுல வழி இல்ல.