"புலி பாத்தரலாமுங்களா?": கோவையிலிருந்து ஒருநாள் காட்டுப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு

வியாழக்கிழமை ராத்திரி ஆனால் போன் வந்துவிடும். "ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழம டாப்சிலிப் வர்றமுங்க. பெரியவங்க நாலு பேரு, கொழந்தைக மூணு. புலி பாத்தரலாமுங்களா?" பீளமேடு, சரவணம்பட்டி, சிங்காநல்லூர் என்று இடம்தான் மாறும், கேள்வி ஒன்றேதான். 17 வருடமாகக் கோவைக் குழுக்களை டாப்சிலிப், வால்பாறை இருக்கிற ஆனைமலைக் காட்டுக்கு ஒருநாள் பயணமாகக் கூட்டிப்போய் வருகிறேன். என் பதிலும் மாறவில்லை. "புலி இருக்குதுங்க. பாக்கறது நம்ம கையில இல்லைங்க."

சிலர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். "கண்டிப்பா காட்டறனுங்க" என்று சொல்கிற ஒருவர் எங்கேயாவது கிடைத்துவிடுவார். அப்படிச் சொல்பவர் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்குவது நம் கேள்விதான் என்பதால் எழுதுகிறேன். காட்டுகிறேன் என்று காசு வாங்கியவர் எதையாவது காட்டியே தீர வேண்டும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனைமலை 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்காடும் வெளிவட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 1,480 சதுர கிலோமீட்டர். வனத்துறையின் சஃபாரி வேன் போகும் பாதை அதில் ஒரு நூல் அளவு. அந்த நூலுக்குப் புலி வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேன் ஜன்னல் வழியாக நான் புலியைப் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது கை தேவைப்படாது.

முதலில் நேரத்தைப் பேசிவிடுகிறேன், பாதிப் பயணங்கள் கெடுவது அதில்தான். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலை ஊர், வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக டாப்சிலிப் இன்னொரு 35. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஏழு மணிக்குக் கிளம்பி, பொள்ளாச்சியில் டிபன் சாப்பிட்டு, போகிற வழிதானே என்று மாசாணியம்மனையும் கும்பிட்டுவிட்டு மேலே வந்து சேரும்போது மணி பதினொன்றரை. அந்நேரம் காட்டெருமை நிழலில் படுத்து அசைபோட்டுக் கொண்டிருக்கும், மான்கள் புதருக்குள் போயிருக்கும். "ஒண்ணுமே இல்லையே" என்று குழந்தைகள் முகம் வாடும். பெரியவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். காடு விழித்திருப்பது விடியலிலும் பொழுது சாயும்போதும்தான். நாலரைக்கே கிளம்பிவிடுங்கள். தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதமோ புளிசாதமோ போட்டுக்கொண்டால் டிபன் கடையும் வேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம். கோடையில் காட்டுத்தீ பயத்தாலும் கனமழையிலும் உள்ளே விடாத நாட்கள் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, சொல்லத் தயங்கித் தயங்கி இத்தனை வருடம் தள்ளிப்போட்ட ஒன்று.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு குடும்பத்தை வால்பாறை கூட்டிப்போயிருந்தேன். காலையிலிருந்து கண்ணில் எதுவும் படவில்லை. சாயங்காலம் ஆழியாறு நோக்கி இறங்கும்போது ஒரு வளைவில் யானைக் கூட்டம். மூன்று பெட்டை, ஒரு குட்டி. ரோட்டைக் கடக்க ஓரத்தில் நின்றன. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னேன். பின் சீட்டிலிருந்து, "சித்த கிட்டக்க போலாமுங்கண்ணா, கொழந்த பாக்கோணும்" என்றார்கள். நாள் முழுக்க வெறுங்கையோடு இருந்த அவர்களைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. டிரைவரிடம், "மெல்லமாப் போங்கண்ணா" என்று சொன்னவன் நான்தான்.

இரண்டு யானைகள் கடந்துவிட்டன. மூன்றாவதும் குட்டியும் இந்தப் பக்கம் நிற்கும்போது நாங்கள் நடுவில் போய் நின்றுவிட்டோம். கடந்துபோன தாய் திரும்பியது. காதை விரித்து, தலையைத் தூக்கி, பத்தடி தூரத்தில் வந்து நின்று பிளிறியது. பின்னால் எடுக்கலாம் என்றால் எங்களைப் பார்த்து இன்னொரு காரும் ஒட்டி வந்து நின்றிருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு தானாகவே விலகியது. ஆனால் பயந்த குட்டி கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சரிவில் இறங்கி ஓடிவிட்டது. நாங்கள் அடுத்த வளைவு இறங்கும் வரை அந்தத் தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. கோவை வந்து இறங்கும்போது அந்தக் குடும்பம் பேசின காசுக்கு மேல் கொடுத்து, "சூப்பருங்கண்ணா, மறக்கவே மாட்டமுங்க" என்றார்கள். செய்த தப்புக்குப் பரிசு வாங்கிய நாள் அது. ரோட்டைவிட அந்தக் காசுதான் எனக்குப் பாடம் சொன்னது. நாங்கள் நல்லபடி நடந்துகொண்ட நாட்களில் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. எல்லை தாண்டிய நாளில்தான் கிடைக்கிறது. இது எந்த டிரைவரையும் எந்த கைடையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். அதே பொள்ளாச்சி-வால்பாறை சாலையில் 2025 பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் குட்டியின் ஓட்டம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

யானை சொல்லாமல் தாக்குவதில்லை. நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. காதை விரித்து, மண்ணைச் சீய்த்து, தலையை ஆட்டினால் "தள்ளிப் போ" என்கிறது. இந்தக் கட்டத்திலேயே பின்வாங்கிவிட வேண்டும். காதை ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளுக்குச் சுருட்டி, சத்தமே இல்லாமல் வந்தால் அது மிரட்டல் இல்லை, தாக்க வருகிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னம் ஈரமாக, எண்ணெய் வடிந்ததுபோல் இருந்தால் மதநீர். அந்த ஒத்தை யானையிடமிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி இருங்கள். முன்னால் வண்டி நின்றால் ஒட்டி நிறுத்தாதீர்கள், பின்வாங்க இடம் விட்டு நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இறங்கவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு. "ஒன்பதாவது கொண்டை ஊசில யானை நிக்குது" என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அரைமணி நேரத்தில் அங்கே இருபது வண்டி நிற்கும், யானைக்குக் கடக்க வழி இருக்காது.

வால்பாறை சாலையின் அந்த ஒன்பதாவது வளைவைச் சொன்னதும் வரையாடு ஞாபகம் வருகிறது. நம் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில் நின்று புல் தின்ன வேண்டியது, சில நாட்களில் ரோட்டோரத் தடுப்புச்சுவர் மேல் நின்று கார்களை எதிர்பார்க்கிறது. யாரோ பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆழியாறு பக்கத்துக் குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கையில் கவர் பார்த்தால் பிடுங்கும். சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர் பக்கம் கரும்பு லாரிக்காக ரோட்டில் காத்து நிற்கும் யானைகள் உண்டு. லாரிக்காரர்கள் பாவம் பார்த்துப் போட்ட இரண்டு கழியில் ஆரம்பித்த பழக்கம் அது. வாங்கித் தின்னப் பழகிய விலங்கு கொடுக்காத ஆளை விரட்டும். அடுத்து பைக்கில் வருகிறவர் யாரென்று அதற்குத் தெரியாது.

குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ, மஞ்சள் தடவி வீட்டுக்குப் போகாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். "சின்னக் கீறல்தானுங்க" என்று தட்டிக்கழித்தவர்களை ஆஸ்பத்திரி வாசல் வரை நானே இழுத்துப் போயிருக்கிறேன்.

குப்பையைப் பற்றிப் பேசினால் கோபம் வந்துவிடுகிறது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் கழிவு, கூடவே பிறக்காத குட்டி. மருதமலை நம் கோயில், நம் ஊர். டாப்சிலிப் செக்போஸ்டில் பையைச் சோதித்துத் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைக்கும்போது காவலரிடம் சண்டைக்குப் போகிறவர்களிடம் நான் இதை மட்டும்தான் சொல்வேன்.

"நைட் சஃபாரி" என்று யாராவது தனியாக ஜீப் தருகிறேன் என்றால் ஏறாதீர்கள். இருட்டில் லைட் அடித்துத் தேடுவது சஃபாரி இல்லை, விலங்கைத் துரத்துவது. சத்தியமங்கலம் காட்டுத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி வண்டிகளில் அடிபட்ட விலங்குகளுக்குக் கணக்கில்லாமல் போகவே உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. சாதாரண வண்டியே போகக்கூடாத நேரத்தில் உங்களை ஒருவர் காட்டுக்குள் கூட்டிப்போகிறார் என்றால் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்று அர்த்தம்.

புலி இல்லாவிட்டால் பிறகு என்னதான் பார்ப்பது? எவ்வளவோ இருக்கிறது. மரத்தில் மந்தி இலை பறித்து உதிர்க்கும், கீழே புள்ளிமான் பொறுக்கித் தின்னும். மந்தி உயரத்திலிருந்து கண்ணால் காவல், மான் தரையிலிருந்து மூக்கால் காவல். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் முதலில் கத்துவது இவர்களில் ஒருவர்தான். எங்களோடு வருகிற மலசர் பழங்குடி அண்ணா ஒருவர் உண்டு. ரொம்பப் பேசமாட்டார். மான் ஒரு தடவை கத்தினால் தலையைக்கூடத் திருப்பமாட்டார். நிறுத்தாமல் கத்தினால் மட்டும் கையைத் தூக்குவார், வண்டி நிற்கும். அவர் கை தூக்கிய பிறகு வரும் அந்த ஐந்து நிமிட அமைதிக்காகவே திரும்பத் திரும்ப வருகிற கோவைக்காரர்கள் இருக்கிறார்கள்.

டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனால் யானைகளைச் சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள், கதை கேளுங்கள். கலீம் என்ற கும்கி, காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய யானை, 2023-ல் 60 வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறை மரியாதை செய்து அனுப்பியது. சின்னத்தம்பி என்ற காட்டு யானையைக் கோவைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து இந்தக் காட்டில் விட்டார்கள். அவன் இறங்கி உடுமலைக் கரும்புக்காடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டான், மறுபடி பிடித்துக் கும்கி ஆக்கினார்கள். தடாகத்தில் செங்கல் சூளையும் வேலியும் முளைத்த இடம் அவன் பாட்டி நடந்த தடம். இதைக் குழந்தைகளிடம் அங்கேயே, அவனைப் பார்த்தபடியே சொல்லுங்கள்.

டாப்சிலிப் என்ற பெயரே வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு அப்படிப் போய்க் காடு மொட்டையானபோது, மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933-ல் இறந்தார். கல்லறை அங்கேயே, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பத்து நிமிடம் நடக்கக் கால் வலிக்கிறது என்று பெரும்பாலானவர்கள் போவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது "என்ன காட்டுவீங்க" என்று கேட்காமல், "யானை ரோட்டில நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "தள்ளி நிறுத்தி இஞ்சினை ஆன்ல வச்சுக் காத்திருப்பமுங்க, தேவைன்னா திரும்பிப் போயிருவமுங்க" என்பவரை நம்பலாம். பழுப்பு, பச்சை நிறத்தில் உடை போதும். சென்ட் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பதறிப் பிய்க்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். மலைப்பாதை வாந்தி வருகிற குழந்தைக்கு முன்சீட்டும் வெறும் வயிறில்லாமல் இரண்டு இட்லியும்.

போன மாதம் ஒரு அம்மா கூப்பிட்டார். ஜனவரியில் வந்து புலி, யானை எதுவும் பார்க்காமல் திரும்பிய குடும்பம். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "என்ற பொண்ணு இன்னும் அந்த மான் கத்துன மாதிரியே கத்திக் காட்டிட்டு இருக்கறாளுங்க. கையத் தூக்குன அந்தப் பெரியவர மறுபடி பாக்கோணுமாம். எப்ப வரலாமுங்க?"

"மழை முடியட்டுமுங்க. அக்டோபர் வாக்குல கூப்பிடறனுங்க. நாலரைக்குக் கிளம்பீருங்க."

"நாலேகாலுக்கே ரெடியா இருப்பமுங்க."