கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுகிறவர்

நாடி பார்த்து முடித்த பிறகும் செவிலியர் நோயாளியின் மணிக்கட்டை விடுவதில்லை. கண் மட்டும் கடிகாரத்துக்கும் மார்புக்கும் போய் வருகிறது. எண்ணுவது மூச்சை. ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் யாருக்கும் அது இயல்பாக வராது. அதனால்தான் இந்தச் சின்னக் கள்ளத்தனம்.

இதற்கு ஒரு முழு நிமிடம் வேண்டும். வேலை நெருக்கும் வார்டில் முதலில் பறிபோவதும் அந்த நிமிடம்தான். எண்ணாமலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவது உண்டு. என்னைக் கேட்டால், வார்டில் நடக்கும் ஆபத்தான சிக்கனம் இதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்தவரின் வயிற்றுக்குள் மெல்ல இரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் உடனே சமாளிக்கப் பார்க்கும். இரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும். உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் முக்கால் லிட்டர் போன பிறகும் அழுத்தம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஆனால் ஆக்சிஜன் போதாத திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதை ஈடுகட்டக் கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்ற வேண்டும், மூச்சு வேகமெடுக்கிறது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் அப்போதும் கவலைப்படாமல் 95 காட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க உதவுவது முன்னெச்சரிக்கை மதிப்பெண். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய முறை பரவலாக அறியப்பட்டது. நம் நோயாளியையே எடுத்துக்கொள்வோம். மூச்சு 22, அதற்கு 2 மதிப்பெண். ஆக்சிஜன் 95, நாடி 104, மேல் இரத்த அழுத்தம் 108. மூன்றுக்கும் தலா 1. காய்ச்சல் இல்லை, தெளிவாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பதற வைக்காது. கூட்டினால் 5. மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டிய எல்லை அது. 7 ஆனால் அவசரநிலை. மூச்சை எண்ணாமல் 18 என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை வெறும் 3.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசினால், அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று கடந்துபோகக் கூடாத இடம் இது.

மதிப்பெண்ணும் ஏமாறும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரின் நாடி, உள்ளே இரத்தம் கசிந்தாலும் 80ஐத் தாண்டாமல் இருக்கலாம். வலி தணிக்க மார்ஃபின் போட்டவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கமிருந்து வரும்: முதலில் அசதி, பிறகு மூச்சு குறையும். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று தோன்றுகிறவரைத் தொட்டு எழுப்பிப் பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவை அட்டவணை எடுக்காது. கட்டிலருகே நிற்பவர்தான் எடுக்க வேண்டும். எழுப்பிவிடுவதே என் கட்சி.

பிறகு தொலைபேசி. ‘நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார்’ என்றால் ‘வந்து பார்க்கிறேன்’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘காலையில் 16 இருந்த மூச்சு இப்போது 22. எடை 60 கிலோ; மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும், இரண்டு மணி நேரத்தில் 35தான் போயிருக்கிறது. மதிப்பெண் 5. உடனே வாருங்கள்’ என்று சொன்னால், மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.