மார்ஃபினின் எஸ்டர்களும் ஜெனீவாவின் பட்டியலும்

மருந்தாக்கவியல் படிக்கும் வாசகர் ஒருவர், 1961-ஆம் ஆண்டின் ஒற்றைப் போதைப்பொருள் உடன்படிக்கையைப் புரட்டியபோது முதல் அட்டவணையின் கடைசியில் கண்ட ஒரு வரியைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். பொருள்களின் பெயர்களை எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, 'இவற்றின் எஸ்டர்களும் ஈதர்களும், அத்தகையவை இருக்க இயலுமிடத்து' என்று அந்த அட்டவணை சொல்கிறது. தூதர்கள் கையெழுத்திட்ட ஒரு தாளில் எஸ்டருக்கு என்ன வேலை, 'இருக்க இயலுமிடத்து' என்ற இழுவை எதற்கு என்பது அவருடைய கேள்வி. விடை 1961-இல் இல்லை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஜெனீவாவில் இருக்கிறது.

முன்கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1907-இல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஆண்டுக்கு 51,000 பெட்டி அபினை ஒவ்வோர் ஆண்டும் 5,100 பெட்டி வீதம் குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்று முடிவாயிற்று. 1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின. பிலிப்பைன்ஸில் பணியாற்றிய பிஷப் சார்லஸ் பிரென்ட் தலைமை வகித்தார். ஒன்பது தீர்மானங்கள் நிறைவேறின, ஆனால் அவை எவரையும் கட்டுப்படுத்தவில்லை. 1912 ஜனவரி 23 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் கட்டுப்படுத்தும் முதல் ஏற்பாடு. பல நாடுகள் அதை ஏற்றுச் செயல்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. கடைசியில் முதல் உலகப்போர் முடிந்து வெர்சேல்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் 295-ஆவது பிரிவில், சமாதானத்தை ஏற்பவர் அபின் ஒப்பந்தத்தையும் ஏற்றவராவார் என்று சேர்த்து, ஒரே கல்லில் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

அந்தப் போருக்குப் பின் உருவான பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பொறுப்பேற்ற பிறகு, 1925-இல் ஜெனீவாவில் எழுதிய ஒப்பந்தம் கணக்கு வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. வாங்கும் நாட்டின் அரசு இறக்குமதிச் சான்றிதழ் கொடுத்தாலன்றி, விற்கும் நாட்டின் அரசு ஏற்றுமதி அனுமதி கொடுக்கக்கூடாது. சரக்கோடு ஒரு நகல் போகும், வாங்கும் அரசுக்கு ஒரு நகல் போகும். இரு நாடுகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தத்தம் கணக்கை நிரந்தர மத்திய அபின் வாரியத்துக்கு அனுப்பும். ஒருவர் 'அனுப்பினேன்' என்று எழுதியது மற்றவர் 'வந்தது' என்று எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். மளிகைக்கடைப் பேரேட்டுக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை.

பேரேட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டியலில் பெயர் இருக்கும் பொருளுக்குத்தான் சான்றிதழ் வேண்டும். அபினிலிருந்து பிரித்தெடுக்கும் மார்ஃபினும் அதிலிருந்து செய்யும் ஹெராயினும் பட்டியலில் இருந்தன, மார்ஃபினிலிருந்தே செய்யும் பென்சாயில்மார்ஃபின் இல்லை. 1920-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து பென்சாயில்மார்ஃபின் வெளியேறத் தொடங்கியதற்கு அதுவே காரணம். அந்தப் பெயர் எழுதிய டின்னைச் சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்தாலும், நேர்மையான அதிகாரியாக இருந்தால், கட்டுப்பாடு இல்லாத சரக்கு என்று குறித்துக்கொண்டு மூடி அனுப்பவேண்டியதுதான்.

அந்த டின்னுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு இக்கதையிலேயே மிகவும் பிடித்த இடம். மேல்நிலைப் பள்ளியில் எஸ்டராக்குதல் வினையை எல்லோரும் படித்திருப்போம்: ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் தொகுதியும் அமிலமும் சேர்ந்தால் எஸ்டர், உடன் ஒரு நீர் மூலக்கூறு. அதை நீராற்பகுத்தால் பழைய இரண்டும் திரும்பக் கிடைக்கும். பழைய ஆஸ்பிரின் பட்டையைக் கிழித்தால் மெல்லிய வினிகர் வாடை வருமே, அது இந்த வினைதான்: அசெட்டைல்சாலிசிலிக் அமிலம் என்னும் எஸ்டர் காற்றின் ஈரத்தில் மெல்ல உடைந்து, உள்ளே இருந்த அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. வேதியியலில் எஸ்டர் பிணைப்பு என்பது பூட்டு அன்று, பொத்தான்.

மார்ஃபின் மூலக்கூறில் இப்படிப் பொத்தான் போடத்தக்க ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டு உள்ளன. ஒன்று பென்சீன் வளையத்தில் மூன்றாம் இடத்தில் இருக்கும் ஃபீனால் வகை. மற்றொன்று ஆறாம் இடத்தில் இருக்கும் சாதாரண ஆல்கஹால் வகை. இரண்டிலும் அசெட்டைல் தொகுதியை மாட்டினால் மூலக்கூறு நிறை 285-இலிருந்து 369 ஆகிறது, அதுவே ஹெராயின். மார்ஃபினைவிட இது கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை வேகமாகக் கடந்துவிடுகிறது. உடலுக்குள் நடப்பது இன்னும் அழகானது. நொதிகள் மூன்றாம் இடத்துப் பொத்தானைச் சில நிமிடங்களில் கழற்றிவிடுகின்றன, ஆறாம் இடத்துப் பொத்தான் சற்றுப் பொறுத்துக் கழல்கிறது, மிஞ்சுவது மார்ஃபின். அந்த இடைநிலைப் பொருளான 6-மோனோஅசெட்டைல்மார்ஃபின் சிறுநீரில் அகப்பட்டால், அந்த ஆள் எடுத்தது ஹெராயின் என்று ஆய்வகம் துணிந்து எழுதலாம். கசகசாவில் சிறிது மார்ஃபின் இருக்கலாம், ஹெராயின் இராது; ஆகவே கசகசா தின்றேன் என்ற சாக்கு அதனிடம் செல்லாது.

இப்போது பென்சாயில்மார்ஃபினைப் பாருங்கள். அசெட்டைலுக்குப் பதில் பென்சாயிக் அமிலத்திலிருந்து வரும் பென்சாயில் தொகுதி, அவ்வளவுதான் மாற்றம். எல்லை தாண்டும்போது அது பெயரில்லாத பண்டம். தாண்டிய பிறகு பொத்தானைக் கழற்றினால் மறுபடியும் மார்ஃபின். பென்சாயிலைத் தடுத்தால் வேறோர் அமிலம் இருக்கிறது, அதையும் தடுத்தால் இன்னொன்று. அமிலங்களுக்கா பஞ்சம்? பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் பட்டியல் இந்த ஓட்டத்தில் என்றைக்கும் பின்தங்கித்தான் இருக்கும்.

1912-இல் ஹேக்கில் எழுதியவர்கள் இதை அறவே யோசிக்காதவர்கள் அல்லர். தீங்கு தரும் என்று அறிவியல் காட்டும் புதிய வழிப்பொருள்களுக்கும் ஒப்பந்தம் பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த அறிவியல் முடிவை யார் சொல்வது என்பதை எழுதவில்லை. 1925-இல் சொல்வதற்குச் சங்கத்தின் சுகாதாரக் குழு வந்தது. அது சொன்னாலும் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த அரசின் விருப்பமாக இருந்தது. அந்தக் காலத்தின் கசிவு எவ்வளவு என்பதற்குச் சங்கத்தின் மதிப்பீடு ஒன்று உண்டு. 1925 முதல் 1929 வரையிலான ஐந்தாண்டுகளில் குறைந்தது 100 டன் அபின்வகைப் போதைப்பொருள்கள் அறியப்பட்ட ஆலைகளிலிருந்து அறியப்படாத இடங்களுக்குப் போயிருந்தன. கெய்ரோவின் காவல்துறைத் தலைவர் ரஸ்ஸல் பாஷா, எகிப்தின் 1.4 கோடி மக்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம்பேர் போதைக்கு அடிமையாகிவிட்டதாக முறையிட்டார்.

1931 ஜூலை 13 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான ஒப்பந்தம், 'டைஅசெட்டைல்மார்ஃபினும் (அதாவது ஹெராயினும்) மார்ஃபினின் பிற எஸ்டர்களும்' என்று ஒரே தொடரில் கதவைச் சாத்தியது. பெயரைச் சொல்வதை விட்டுவிட்டுக் குடும்பத்தைச் சொல்லிவிட்டார்கள்; இனி எந்த அமிலத்தைக் கொண்டுவந்தாலும் அது பிறக்கும்போதே பட்டியலில் இருக்கும். அபினின் பினாந்திரீன் ஆல்கலாய்டுகளிலிருந்து, அதாவது பினாந்திரீன் என்னும் மூவளையக் கட்டமைப்பை உள்ளே கொண்ட மார்ஃபின் போன்ற பொருள்களிலிருந்து, எவரேனும் புதிய பொருள் செய்தால், அதற்கு மருத்துவப் பயனோ அறிவியல் பயனோ உண்டு என்று நிறுவும்வரை வணிகத்துக்கு விடக்கூடாது என்றும் எழுதினார்கள். அந்தப் பொருள் தானே போதை தருமா என்பதோடு, போதை தரும் ஒன்றாக அதை மாற்ற முடியுமா என்பதும் கேள்வியாயிற்று. கொடீன் இங்கே ஒரு நல்ல உதாரணம். அது மார்ஃபினின் மெத்தில் ஈதர், அதாவது மூன்றாம் இடத்தில் பொத்தானுக்குப் பதில் தையல் போட்டது. ஈதர் பிணைப்பை உடைப்பது அக்கால வேதியியலுக்கு எளிதன்று. கொடீன் தளர்வான கட்டுப்பாடுள்ள இரண்டாம் வகுப்பில் இடம்பெற்றது. நம் கல்லீரல் அந்தத் தையலில் ஒரு பகுதியைத் தினமும் சத்தமின்றிப் பிரிக்கிறது என்பது வேறு கதை.

இந்த வகைச் சட்டம் பலிக்க வேண்டுமென்றால், டின்னுக்குள் இருப்பது எந்தக் குடும்பம் என்று சொல்லத் தெரிந்த வேதியியலர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். கைப்பற்றிய சரக்கைக் குவித்து எரிக்கும் புகைப்படத்துக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதியாவது, ஒப்பீட்டு மாதிரிகளும், மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைமாலைமானியும் கேட்டு விண்ணப்பிக்கும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் கிடைக்கவேண்டும் என்பது என் கட்சி.

1931-இன் குடும்பக் கணக்கும் சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மன் ஆய்வகங்களில் பெத்திடினும், அதைத் தொடர்ந்து மெத்தடோனும் உருவாயின. இரண்டும் மார்ஃபினைப்போல வலியைக் குறைக்கும், அடிமைப்படுத்தும், ஆனால் எதிலும் பினாந்திரீன் கட்டமைப்பு கிடையாது, கசகசாச் செடியோடு எந்த உறவும் கிடையாது. 1948-இல் பாரீஸில் தனியாக ஒரு நெறிமுறை எழுதி அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. 1961-இல் எல்லா ஒப்பந்தங்களையும் ஒன்றாகத் தொகுத்தபோது மார்ஃபினும் மெத்தடோனும் ஒரே அட்டவணையில் அமர்ந்தன. எஸ்டர்களையும் ஈதர்களையும் பற்றிய வரியை இம்முறை எல்லோருக்கும் பொதுவாக அடியில் எழுதினார்கள். மெத்தடோன் ஒரு கீட்டோன். அதில் ஹைட்ராக்சில் தொகுதி இல்லை, ஆகவே மார்ஃபினுக்குப் போட்டதுபோல அதற்கு ஒரு பொத்தான் போட முடியாது. வாசகரின் கண்ணை உறுத்திய அந்த 'இருக்க இயலுமிடத்து', மெத்தடோன் போன்றவற்றுக்காக விட்ட இடம்.